அயர்லாந்தில் துக்க வீட்டுக்குப் போவது எப்படி: அறிவிப்பை வாசிப்பது முதல் முப்பதாம் நாள் பூசை வரை

அயர்லாந்தின் மேற்கே மேயோ கவுண்டியில் (கவுண்டி என்றால் நம் மாவட்டம் போல) ஒரு முதியோர் இல்லத்தில் செவிலியாக இருக்கிறேன். புதிதாக வேலைக்கு வரும் நம் பிள்ளைகள் ஆறு மாதம் முடிவதற்குள் ஒரு சாவுக்காவது போக வேண்டி வரும். எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான்: "அவங்க அப்பாவை நான் பார்த்ததே இல்லையே அக்கா, என்னைக் கூப்பிடவும் இல்லை, நான் எதுக்குப் போகணும்?"

போக வேண்டும். இங்கே சாவுக்கு யாரையும் கூப்பிட மாட்டார்கள். அறிவிப்பு வந்தாலே அழைப்புதான். இறந்தவரைத் தெரிந்திருக்க வேண்டும் என்றும் இல்லை, இருப்பவரில் ஒருவரைத் தெரிந்தால் போதும். வேலையிடத்தில் ஒருவருடைய தாயோ தகப்பனோ இறந்தால், அவரோடு வேலை செய்பவர்கள் வரிசையில் நின்று கை கொடுத்துவிட்டு வருவது இந்த ஊரின் அடிப்படை மரியாதை. யார் வந்தார்கள் என்பதை வீட்டார் பல வருடம் நினைவில் வைத்திருப்பார்கள்.

நாட்டின் 2022 கணக்கெடுப்பில் 69 சதவீதம் பேர் கத்தோலிக்கர் என்று பதிந்திருக்கிறார்கள். அதனால் கத்தோலிக்க முறையை முன்வைத்தே எழுதுகிறேன். மற்ற முறைகளுக்கு வேண்டியதை இடையில் சொல்கிறேன்.

1. அறிவிப்பைத் தேடி, கடைசி வரி வரை வாசியுங்கள்

செய்தி கேட்டதும் முதலில் அறிவிப்பைப் பாருங்கள். ஏனென்றால் எல்லாம் வேகமாக நடக்கும். இறந்த இரண்டாம் அல்லது மூன்றாம் நாளே அடக்கம் முடிந்துவிடுவதுதான் வழக்கம். "வாரக் கடைசியில் போகலாம்" என்று இருந்தால் ஒன்றும் மிஞ்சாது.

அறிவிப்புகள் ஆர்.ஐ.பி டாட் ஐ.இ (rip.ie) என்ற இணையதளத்தில் வரும். 2005-இல் தொடங்கிய தளம். இப்போது ஐரிஷ் டைம்ஸ் நிறுவனத்திடம் இருக்கிறது. பலர் காலையில் காப்பி குடித்துக்கொண்டே அதைத்தான் முதலில் பார்ப்பார்கள். எங்கள் பக்கத்தில் மிட்வெஸ்ட் ரேடியோவிலும் பெயர்களை வாசிப்பார்கள். அந்த நேரத்தில் வீட்டில் பேச்சு நின்றுவிடும்.

பெயரைத் தேடும்போது இரண்டு இடத்தில் தடுமாறுவீர்கள். உங்கள் தோழி கல்யாணமானவர் என்றால் அவருடைய குடும்பப் பெயரும் அவர் அப்பாவின் குடும்பப் பெயரும் வேறாக இருக்கலாம். ஒரே பெயரில் ஒரே கவுண்டியில் பலரும் இருப்பார்கள். ஆகவே ஊர்ப்பெயரைப் பாருங்கள். பிள்ளைகள், மருமக்கள் பெயர்ப் பட்டியலில் உங்கள் தோழி இருக்கிறாரா என்று பாருங்கள். தவறான வரிசையில் முக்கால் மணி நேரம் நின்றுவிட்டு வந்த பிள்ளைகளை எனக்குத் தெரியும்.

அறிவிப்பில் வரும் சொற்களுக்குப் பொருள் இது:

ரெப்போசிங் என்றால் உடலைப் பார்வைக்கு வைத்திருக்கும் இடமும் நேரமும். வீடாக இருக்கலாம், ஃப்யூனரல் ஹோமாக (இறுதிச் சடங்கு ஏற்பாடு செய்பவர்களின் கூடம்) இருக்கலாம். அந்த மணிக்குள் எப்போது வேண்டுமானாலும் போகலாம்.

ரிமூவல் என்றால் உடலை அங்கிருந்து தேவாலயத்துக்கு எடுத்துப் போவது. முன்பெல்லாம் முதல் நாள் மாலையே எடுத்துப் போய்விடுவார்கள். இப்போது பல ஊர்களில் பூசை (தேவாலயத்தில் நடக்கும் இறுதி வழிபாடு) நாளன்று காலையில்தான்.

ஹவுஸ் பிரைவேட் என்று போட்டிருந்தால் வீட்டுக்குப் போகக் கூடாது. "நான் நெருக்கமானவள்தானே" என்று கணக்குப் போடாதீர்கள். சில நேரம் "அடக்கத்தன்று காலை மட்டும் வீட்டாருக்கு" என்று இருக்கும். அப்போது முதல் நாள் மாலை போகலாம் என்று பொருள்.

ஃபேமிலி ஃப்ளவர்ஸ் ஒன்லி என்றால் வெளியார் பூ வேண்டாம். பெரும்பாலும் அதோடு ஏதாவது ஹாஸ்பிஸுக்கோ (கடைசிக் கால நோயாளிகளைப் பராமரிக்கும் இடம்) புற்றுநோய் அமைப்புக்கோ நன்கொடை தரச் சொல்லியிருப்பார்கள். மாலை வாங்கிப் போய்ப் பெட்டியின் மேல் வைப்பது இங்கே இல்லை. எவ்வளவு அன்போடு வைத்தாலும் யார் எடுப்பது, எங்கே வைப்பது என்று அவர்களுக்குச் சங்கடமாகிவிடும்.

'பீஸ்ஃபுல்லி' (அமைதியாக), 'சடன்லி' (திடீரென்று), 'ட்ராஜிக்கலி' (கொடுமையான விதத்தில்) என்ற சொற்களில் எது இருக்கிறது என்றும் கவனியுங்கள். கடைசி இரண்டில் ஒன்று இருந்தால் அந்த வீட்டில் சிரிப்புப் பேச்சு குறைவாக இருக்கும். நீங்களும் அதற்கேற்ப நடந்துகொள்ளலாம்.

2. எந்த நிகழ்வுக்குப் போவது என்று முடிவு செய்யுங்கள்

எல்லாவற்றுக்கும் போக வேண்டியதில்லை. கூட வேலை செய்பவரின் பெற்றோர் என்றால் ரெப்போசிங் நேரத்தில் ஒருமுறை போய்க் கை கொடுத்தால் போதும். பக்கத்து வீட்டுக்காரர் என்றால் மாலையில் வீட்டுக்கும், மறுநாள் பூசைக்கும். நெருங்கிய நண்பர் என்றால் கல்லறை வரை.

துக்கத்துக்குப் போக முதலாளி விடுப்பு தந்தாக வேண்டும் என்று இங்கே பொதுச் சட்டம் எதுவும் இல்லை. அது இடத்துக்கு இடம் மாறும். அதனால் செய்தி வந்த அன்றே ரோட்டா (வேலை நேர அட்டவணை) போடுபவரிடம் பேசுங்கள். எங்கள் இல்லத்தில் யார் போவது, யார் வார்டில் இருப்பது என்று பேசி வைத்துக்கொள்வோம். போகிறவர் மற்றவர்களுக்கும் சேர்த்துக் கை கொடுத்துவிட்டு வருவார்.

போகவே முடியாவிட்டால் இணைய அறிவிப்பின் கீழே இரங்கல் எழுதும் இடம் இருக்கிறது. பல தேவாலயங்கள் பூசையை இணையத்தில் நேரடியாகக் காட்டவும் செய்கின்றன. இரங்கல் எழுதும்போது முழுப் பெயரும், நீங்கள் யார் என்பதும் எழுதுங்கள்: "உங்கள் மகளோடு வேலை செய்கிறேன்" என்ற ஒரு வரி போதும். வீட்டார் பிறகு உட்கார்ந்து ஒவ்வொன்றாக வாசிப்பார்கள். வெறும் பெயர் மட்டும் இருந்தால் அவர்களுக்கு ஆள் பிடிபடாது.

3. புறப்படும் முன் கையில் இருக்க வேண்டியவை

மாஸ் கார்டு முதலில். அது வெறும் இரங்கல் அட்டை இல்லை. இறந்தவர் பெயரில் ஒரு பூசை ஒப்புக்கொடுக்கப்படும் என்பதற்குக் குருவானவர் கையெழுத்திட்டுத் தருவது. ஊர்த் தேவாலயத்தின் பங்கு அலுவலகத்தில் கேட்டு, காணிக்கை கொடுத்து வாங்கலாம். இந்து, முஸ்லிம் என்ற வித்தியாசம் பார்க்க மாட்டார்கள், யார் வேண்டுமானாலும் வாங்கிக் கொடுக்கலாம். வீட்டார் கத்தோலிக்கர் இல்லை என்றாலோ, மதச் சடங்கு வேண்டாம் என்றவர்கள் என்று தெரிந்தாலோ சாதாரண இரங்கல் அட்டை கொடுங்கள். உறைக்குள் பணம் வைக்காதீர்கள். மொய் போலப் பணம் கொடுக்கும் வழக்கம் இங்கே கிடையாது.

உடை அடக்கமான அடர் நிறமாக இருந்தால் போதும். கறுப்புதான் என்று கட்டாயம் இல்லை. கருநீலச் சுடிதாரோ அடர் நிறச் சேலையோ யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள். துக்கத்துக்கு வெள்ளை என்ற நம் கணக்கு இங்கே செல்லாது. வேலை முடிந்து அப்படியே சீருடையில் வந்து நிற்பதையும் பார்த்திருக்கிறேன், அதுவும் சரிதான். மேலே ஒரு கோட்டு கட்டாயம் வேண்டும். வரிசை வாசலுக்கு வெளியே, மழையில்தான் நீளும்.

வீட்டுக்குப் போகிறீர்கள் என்றால் சாப்பிட ஏதாவது எடுத்துப் போங்கள். சாண்ட்விச், ஆப்பிள் டார்ட், கேக், பால் பாக்கெட், தேயிலை. வந்து போகிறவர்களுக்கு இரண்டு நாள் தேநீர் கொடுத்தே வீட்டில் எல்லாம் தீர்ந்துவிடும். அந்தக் குறையை நிரப்புவது அக்கம்பக்கத்தார் பொறுப்பு. நம் சமையலைக் கொண்டு போகலாமா என்று கேட்பார்கள். நெருங்கிய வீடு என்றால் அடக்கம் முடிந்த பிறகு கொண்டு போங்கள். அந்த இரண்டு நாளும் நின்றுகொண்டே கையில் எடுத்துச் சாப்பிடக் கூடியதுதான் உதவும்.

4. வரிசையும் கைகொடுப்பும்

நம் ஆட்கள் அதிகம் தடுமாறும் இடம் இது. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

உள்ளே நுழைந்ததும் ஒரு மேசையில் இரங்கல் புத்தகம் இருக்கும். அட்டை போடும் பெட்டியும் இருக்கும். முதலில் எழுதிவிடுங்கள். உள்ளே போன பிறகு திரும்பி வந்து எழுத வழி இருக்காது, கூட்டம் ஒரு பக்கமாகத்தான் நகரும்.

பெட்டி பெரும்பாலும் திறந்தே இருக்கும். இறந்தவர் கையில் செபமாலை சுற்றியிருக்கும், பக்கத்தில் மெழுகுவத்தி எரியும். பக்கத்தில் ஒரு நிமிடம் நில்லுங்கள். கிறிஸ்தவர்கள் சிலுவை அடையாளம் வரைவார்கள், சிலர் நெற்றியிலோ கையிலோ தொடுவார்கள். நீங்கள் தொட வேண்டியதில்லை. கைகளைக் கோத்து, தலை தாழ்த்தி, உங்கள் மனதில் இருப்பதைச் சொல்லிக்கொண்டால் போதும். காலைத் தொட்டுக் கும்பிடாதீர்கள். பெட்டியின் கீழ்ப்பாதி மூடியிருக்கும், அங்கே குனிந்தால் யாருக்கும் விளங்காது.

அடுத்து குடும்பத்தார் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள் அல்லது நிற்பார்கள். சில இடத்தில் குடும்பத்தாரைத் தாண்டித்தான் பெட்டிக்குப் போவீர்கள், முன்னால் போகிறவரைப் பார்த்து நடந்துகொள்ளுங்கள். உங்களுக்குத் தெரிந்தவர் ஒருவர்தான் என்றாலும் எல்லோருக்கும் கை கொடுக்க வேண்டும். ஒருவரை விட்டுத் தாண்டுவது அவமதிப்பாகத் தெரியும். கைகூப்பி வணங்கினால் கெட்ட எண்ணம் என்று நினைக்க மாட்டார்கள், ஆனால் நீட்டிய கை அந்தரத்தில் நிற்கும். கை கொடுத்துவிடுங்கள்.

சொல்ல வேண்டியது ஒரே வாக்கியம்: "சாரி ஃபார் யுவர் ட்ரபிள்" (உங்கள் துயரத்துக்கு வருந்துகிறேன்). நூறு பேர் அதையே சொல்வார்கள், நீங்களும் அதையே சொல்லுங்கள். புதிதாக ஏதாவது சொல்ல வேண்டும் என்று தேடாதீர்கள். எல்லோரும் ஒரே சொல்லைச் சொல்வதால்தான், பதில் யோசிக்கத் தேவையில்லாமல் வீட்டார் மூன்று நான்கு மணி நேரம் அங்கே நிற்க முடிகிறது. தெரியாதவர்களிடம் "உங்கள் தங்கையோடு வேலை செய்கிறேன்" என்று சேர்த்துக்கொள்ளுங்கள். "தேங்க்ஸ் ஃபார் கமிங்" என்பார்கள். நகர்ந்துவிடுங்கள்.

இங்கேதான் பெரிய தவறு நடக்கும். நம் ஊரில் துக்கம் விசாரிப்பது என்றாலே "என்ன ஆச்சு? எப்படி ஆச்சு? கடைசியா என்ன பேசினாங்க?" என்று கேட்பது. கேட்காவிட்டால்தான் அக்கறை இல்லாதவர் ஆவோம். இங்கே வரிசையில் அதைக் கேட்கக் கூடாது. எங்களிடம் புதிதாகச் சேர்ந்த ஒரு தம்பி, தகப்பனை இழந்தவரின் கையைப் பிடித்துக்கொண்டு, நிஜமான வருத்தத்தோடுதான், என்ன நோய் என்று கேட்டான். அவர் சொல்லத் தொடங்கி, தொண்டை அடைத்து, பேச முடியாமல் நின்றார். பின்னால் வரிசை வாசல் வரை இருந்தது. வீட்டார் சொல்ல விரும்பினால் பிறகு தேநீர் நேரத்தில் அவர்களே சொல்வார்கள். அப்போது எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் கேளுங்கள்.

"வயசானவர்தானே, நல்ல சாவு" என்பதும் வேண்டாம். அதைச் சொல்லும் உரிமை வீட்டாருக்கு மட்டும். சத்தமாக அழுவதும் இங்கே வழக்கம் இல்லை. கண்ணீர் வந்தால் வரட்டும். போனை அணைத்துப் பைக்குள் வையுங்கள். படம் எடுப்பதும், குடும்பம் அறிவிக்கும் முன் வாட்ஸ்ஆப் குழுவில் போடுவதும் மன்னிக்க முடியாத தவறுகள்.

5. வீட்டில் வைத்திருந்தால்

மேற்கிலும் வடக்கிலும் இன்னும் பல வீடுகளில் உடலை வீட்டில்தான் வைப்பார்கள். இதை வேக் என்பார்கள். மஞ்சள் மேலாடை போட்ட அக்கம்பக்கத்தார் வாசலில் நின்று எங்கே கார் நிறுத்த வேண்டும் என்று காட்டுவார்கள். அவர்கள் காட்டும் இடத்தில் நிறுத்துங்கள். பெட்டி வரும் வண்டிக்கு வழி வேண்டும்.

பெட்டியிடம் நின்று, கை கொடுத்த பிறகு உங்களைச் சமையலறைக்கு அனுப்புவார்கள். தேநீர் வரும். வாங்கிக்கொள்ளுங்கள். தீட்டு என்று நினைத்து மறுக்காதீர்கள். அந்தக் கோப்பையைக் கொடுப்பதுதான் அந்த வீட்டுக்கு அப்போது இருக்கிற வேலை. குளிக்க வேண்டும் என்ற மனம் இருந்தால் வீட்டுக்கு வந்து குளித்துக்கொள்ளுங்கள், நான் இன்றும் அப்படித்தான் செய்கிறேன்.

தேநீர் குடிக்கும் இடத்தில் சிரிப்புச் சத்தம் கேட்கும். அடுத்த அறையில் உடல் இருக்க இப்படிச் சிரிக்கிறார்களே என்று முதல்முறை எனக்கு வலித்தது. கவனித்துக் கேட்டால் எல்லாம் இறந்தவரைப் பற்றிய கதைகள். உங்களிடம் ஒரு கதை இருந்தால் சொல்லுங்கள். ஒரு செவிலிக்கு அப்படி எத்தனையோ இருக்கும்: அவர் எந்த நாற்காலியில்தான் உட்காருவார், தேநீரில் எத்தனை சர்க்கரை. மகனுக்குத் தெரியாத ஒன்றை நீங்கள் சொன்னால் அதைவிடப் பெரிய கொடை இல்லை.

குழந்தைகளும் வருவார்கள், பெட்டி அருகே நிற்பார்கள். உங்கள் பிள்ளையைக் கூட்டிப் போவது உங்கள் விருப்பம். இரவில் செபமாலை சொல்லும் நேரம் ஒன்று உண்டு. நீங்கள் இருக்கும்போது தொடங்கினால் முடியும் வரை அசையாமல் இருங்கள், நடுவில் எழுந்து போகாதீர்கள். அது முடிந்தால் வெளியார் கிளம்ப வேண்டும் என்று பொருள். இரவு முழுதும் உடலைத் தனியே விடாமல் யாராவது உட்கார்ந்திருப்பார்கள், அது வீட்டாருக்கும் மிக நெருங்கியவர்களுக்கும் உரியது.

சாதாரணமாக இருபது நிமிடம் போதும். போய் வருகிறேன் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொள்ள வேண்டாம், ஒரு தலையசைப்பு போதும். சொல்லிக்கொள்ளாமல் வருவதில் நமக்குப் பழக்கம் இருக்கிறது, இங்கும் அது பொருந்தும்.

6. பூசையில்

பெரும்பாலும் காலை 11 மணி அல்லது பகல் 12 மணிக்கு. கால்மணி நேரம் முன்னால் போய், நடுவிலோ பின்னாலோ உட்காருங்கள். முன்வரிசைகள் குடும்பத்துக்கு.

மற்றவர்கள் எழும்போது எழுந்து, உட்காரும்போது உட்காருங்கள். மண்டியிட வேண்டியதில்லை. நற்கருணை (குருவானவர் அர்ச்சித்த அப்பம்) கொடுக்கும் நேரத்தில் எல்லோரும் எழுந்து முன்னால் போவார்கள். கத்தோலிக்கர் அல்லாதவர் உட்கார்ந்தே இருங்கள், யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். பிரசாதம் போல நினைத்துக் கை நீட்டிய பிள்ளைகள் உண்டு. அவர்கள் நம்பிக்கையில் அது இறைவனின் உடல், அதனால்தான் இவ்வளவு சொல்கிறேன்.

தொடக்கத்தில் இறந்தவரின் வாழ்க்கையைச் சொல்லும் பொருட்களை முன்னால் கொண்டு போவார்கள். கால்பந்துக் கழகத்தின் ஜெர்சி, தோட்டத்து மண்வெட்டி, பின்னல் ஊசி. குடும்பத்தில் ஒருவர் பேசுவதும் உண்டு. முடிந்ததும் கைதட்டல் வரலாம்.

சர்ச் ஆஃப் அயர்லாந்து போன்ற புரொட்டஸ்டன்ட் குடும்பங்களில் பெட்டி மூடியே இருக்கலாம், எல்லாம் அமைதியாகவும் சிறிய அளவிலும் நடக்கலாம். அங்கே அறிவிப்பில் இருப்பதற்கு மேல் ஒரு அடியும் எடுத்து வைக்காதீர்கள்.

7. சாலையிலும் கல்லறையிலும்

சவ வண்டி போகும்போது வழியில் இருக்கும் கடைகள் கதவைச் சாத்தும். எதிரில் காரில் வந்தால் ஓரமாக நிறுத்துங்கள். நடந்து போனால் நின்று, தொப்பி இருந்தால் கழற்றுங்கள். ஊர்வலத்தை முந்திப் போகாதீர்கள், நடுவில் நுழையாதீர்கள். பின்னால் போகும் கார்கள் பகலிலும் விளக்கைப் போட்டிருப்பதைக் கொண்டு ஊர்வலம் எது என்று தெரிந்துகொள்ளலாம்.

கல்லறையில் கொஞ்சம் தள்ளி நில்லுங்கள், மற்ற கல்லறைகளின் மேல் கால் வைக்காமல். செபமாலையின் பத்து மணிகளுக்கு உரிய செபங்களைச் சொல்வார்கள். மண் போடுவது எல்லா இடத்திலும் இல்லை, நீங்களாகக் குனிந்து அள்ளாதீர்கள்.

தெற்கே சில பகுதிகளில் திங்கட்கிழமை குழி வெட்டுவதில்லை. வெட்ட வேண்டியிருந்தால் ஞாயிறே ஒரு மண்கட்டியைப் புரட்டி வைத்துவிடுவார்கள். "சனிப்பிணம் தனியாப் போகாது" என்று என் ஆச்சி சொன்னது நினைவுக்கு வந்தது.

எரியூட்டுவதும் இப்போது சாதாரணம். டப்ளின் கிளாஸ்னெவினில் 1982-இல் குடியரசின் முதல் தகன நிலையம் வந்தது. கொள்ளி வைப்பது இல்லை. பிரார்த்தனை முடிந்ததும் திரை மூடும், அதோடு எழுந்து வெளியே வர வேண்டும்.

8. சாப்பாடு

பூசை முடிவில் அல்லது கல்லறையில், இன்ன ஓட்டலுக்கு எல்லோரும் வாருங்கள் என்று அறிவிப்பார்கள். அப்படிப் பொதுவில் சொன்னால் நீங்களும் அதில் அடக்கம். சூப், சாண்ட்விச் மட்டும் இருக்கலாம், இறைச்சியும் உருளைக்கிழங்கும் வைத்த முழுச் சாப்பாடாகவும் இருக்கலாம். சைவம் என்றால் பரிமாறுபவரிடம் சொல்லுங்கள், வீட்டாரிடம் அல்ல. காசு கொடுக்க முயலாதீர்கள்.

9. நம் வார்டிலேயே உயிர் பிரிந்தால்

இது செவிலியருக்கும் கேர் அசிஸ்டென்ட்களுக்கும். முதலில் ஜன்னலைத் திறந்து வைப்போம். ஆன்மா போக வழி என்பது ஊர் நம்பிக்கை, வயதான உறவினர்கள் அதை எதிர்பார்ப்பார்கள். பல மருத்துவமனைகளில் ஊதா நிறப் பின்னணியில் வெள்ளைச் சுருள் வரைந்த அடையாளத்தைக் கதவில் வைப்பார்கள். ஐரிஷ் ஹாஸ்பிஸ் ஃபவுண்டேஷன் கொண்டு வந்தது அது. அதைப் பார்த்தால் குரலைத் தாழ்த்துங்கள், வண்டிகளை உருட்டாதீர்கள்.

இறந்தவரின் உடைமைகளைக் குப்பைப் பையில் போட்டுக் கொடுக்கவே கூடாது. அதற்கென்று தனிப் பை இருக்கும். மடித்து, கண்ணாடியையும் மோதிரத்தையும் தனியே வைத்து, எழுதிக் கொடுங்கள். உடலைப் பின்வாசல் வழியாக அனுப்புவதில்லை. முன்வாசல் வரை ஊழியர்கள் இரண்டு பக்கமும் வரிசையாக நிற்போம். அப்போது கையில் உள்ள வேலையை நிறுத்திவிட்டு வந்து நில்லுங்கள், இரண்டு நிமிடம்தான்.

10. பிறகு

ஒரு மாதம் கழித்து மன்த்ஸ் மைண்ட் என்ற பூசை நடக்கும், நம் முப்பதாம் நாள் போல. இதற்கும் அறிவிப்பு வரும். அடக்கத்துக்குப் போக முடியாதவர்கள் இதற்குப் போகலாம். கூட்டம் குறைவாக இருப்பதால் வீட்டாரோடு பேச நேரம் கிடைக்கும். கோடையில் அந்தந்தக் கல்லறைத் தோட்டத்தைக் குருவானவர் ஆசீர்வதிக்கும் ஞாயிறு ஒன்று உண்டு. ஊரை விட்டுப் போனவர்கள்கூட அன்று வந்து தங்கள் கல்லறையருகே நிற்பார்கள். உங்களைக் கூப்பிட்டால் போங்கள்.

தோழி வேலைக்குத் திரும்பும் நாளில் மறுபடி "சாரி ஃபார் யுவர் ட்ரபிள்" என்று சொல்லலாம். வரிசையில் சொல்லியிருந்தாலும் பரவாயில்லை. பேசாமல் ஒதுங்கிப் போவதுதான் வலிக்கும்.

சில மாதம் கழித்து உங்கள் முகவரிக்கு ஒரு சிறிய அட்டை வரலாம். இறந்தவரின் படமும் ஒரு பிரார்த்தனையும், வந்ததற்கு நன்றியும் இருக்கும். நீங்கள் மாஸ் கார்டில் முகவரி எழுதியிருந்தால்தான் வரும், எழுத மறக்காதீர்கள். அதற்குப் பதில் அனுப்ப வேண்டியதில்லை. மறுசுழற்சித் தொட்டியில் போடாமல் ஒரு புத்தகத்துக்குள் வையுங்கள். என்னிடம் ஒரு பிஸ்கட் டப்பா நிறைய இருக்கிறது.